முதல் கேமிங் கணினி: பணத்தைக் கார்டில் போடுவதா, அடித்தளத்தில் போடுவதா?

பொருநை:

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலியில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதன்முறையாகப் பாகங்களைத் தனித்தனியே வாங்கி ஒரு கேமிங் கணினியை நானே பொருத்தப் போகிறேன். அப்பா 95,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். இதற்குமேல் இந்த ஆண்டு கேட்க எனக்கு மனமில்லை. தம்பியோடு சேர்ந்து கவுன்டர் ஸ்டிரைக் 2, வாலரன்ட் இரண்டையும் தினமும் விளையாடுவேன். விடுமுறை நாட்களில் சைபர்பங்க் 2077, ஆலன் வேக் 2 போன்ற பெரிய கதை கேம்களை விளையாட ஆசை. மற்ற நேரத்தில் கல்லூரிக்கான நிரல் எழுதும் வேலைதான்.

என் கையில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஊரில் ஒரு கடையில் எழுதிக் கொடுத்தது: ரைசன் 7 5700ஜி, ஏ520 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, வண்ண விளக்கு எரியும் நான்கு ஃபேன்களுடன் ஒரு கேபினெட், அந்தக் கேபினெட்டோடு சேர்ந்தே வரும் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி). கல்லூரி சீனியர் எழுதிக் கொடுத்தது: ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, 650 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ், ஆர்எக்ஸ் 6600 கார்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்று காரணத்தோடு சொல்ல வேண்டுகிறேன்.

சட்டகம்144:

இரண்டுமே வேண்டாம், தம்பி. முதல் பட்டியல் தவறானது. இரண்டாவது நல்ல பட்டியல்தான், ஆனால் உங்கள் பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல.

கடைப் பட்டியலில் பணம் எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். 5700ஜி எட்டு கோர் பிராசசர் என்பதால் பெரியதாகத் தோன்றும். ஆனால் ஜி வரிசை பிராசசர்கள் உள்ளேயே கிராபிக்ஸ் கொண்டவை, அதற்கு இடம் விட்டதில் எல்3 கேஷ் எனப்படும், பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம் 16 எம்பியாகக் குறைந்துவிட்டது. ஆறு கோர் மட்டுமே உள்ள ரைசன் 5 5600-இல் அது 32 எம்பி. கேம்கள் கோர்களின் எண்ணிக்கையைவிட இந்தக் கேஷை அதிகம் நம்பியிருப்பதால், விலை குறைந்த 5600 தான் கேம்களில் வேகமானது. மேலும் கார்டையும் பிராசசரையும் இணைக்கும் பாதையான பிசிஐஇயில் 5700ஜி பழைய 3.0 பதிப்பு வரையே செல்லும். ஏ520 மதர்போர்டும் அப்படியே.

அடுத்தது ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. இதே பெயரில் 2022-இல் வந்த 8 ஜிபி கார்டு 2560 கூடா கோர்களும் (கார்டின் கணக்கிடும் அலகுகள்) 128 பிட் பஸ்ஸும் (நினைவகத்துக்குச் செல்லும் பாதையின் அகலம்) கொண்டது. 2024-இல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர்களும் 96 பிட் பஸ்ஸும் மட்டுமே. ரேம் 2 ஜிபி குறைந்த அதே கார்டு என்று எண்ணி வாங்குபவர், உண்மையில் மெதுவான வேறொரு கார்டை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். இதைச் சொல்லாமல் விற்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

சீனியரின் பட்டியலில் 7600 பிராசசர் அமரும் ஏஎம்5 மேடைக்கும் (சாக்கெட், மதர்போர்டு அடங்கிய அடித்தளம்) அதற்குரிய டிடிஆர்5 ரேமுக்கும் பெரும்பங்கு போய்விட்டு, 2021-இல் வந்த ஆர்எக்ஸ் 6600-க்குத்தான் பணம் மிஞ்சியிருக்கிறது. திரையில் தெரியும் ஃபிரேம்களை வரைவது கார்டுதான். ஆகவே ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு, 8 ஜிபி ஸ்டிக் இரண்டாக டிடிஆர்4, இவற்றோடு இன்டெலின் ஆர்க் பி580 12 ஜிபி கார்டை வாங்குங்கள். 2024 டிசம்பரில் 249 டாலருக்கு அறிமுகமான கார்டு அது, அந்த விலையில் 12 ஜிபி நினைவகம் தருவது அரிது.

கூடல் பழுதகம்:

மதுரையில் 14 ஆண்டுகளாகக் கணினி பழுது பார்க்கிறேன். கடைப் பட்டியலைப் பற்றிச் சட்டகம் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அவருடைய மாற்றுப் பட்டியலைத்தான் ஏற்க முடியவில்லை.

முதலில் பி580. அந்தக் கார்டின் டிரைவர் பிராசசர்மீது வழக்கத்தைவிட அதிகச் சுமையை ஏற்றுகிறது என்பது 2025 தொடக்கத்திலேயே பல சோதனைகளில் வெளிப்பட்டது. விலையுயர்ந்த பிராசசரோடு ஓடும்போது ஆர்டிஎக்ஸ் 4060-ஐ முந்தும் அதே கார்டு, 5600 போன்ற பிராசசரோடு ஓடும்போது சில கேம்களில் பின்தங்குகிறது. அதாவது இந்தக் கார்டை வாங்கினால் பிராசசரில் மிச்சம் பிடிக்கக் கூடாது. நீங்கள் பிராசசரில் மிச்சம் பிடித்துவிட்டு இந்தக் கார்டைப் பரிந்துரைக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

இரண்டாவது, மேடை. 5600 அமரும் ஏஎம்4 சாக்கெட்டின் கதையை எல்லோரும் அறிவோம். 2017-இல் முதல் ரைசனோடு பி350 மதர்போர்டு வாங்கியவர்கள், 2022-இல் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் புதுப்பித்து 5800எக்ஸ்3டி பிராசசரைப் போட்டுக்கொண்டார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்தும் அதே போர்டு, அதே ரேம், ஆனால் புதுக் கணினிக்குரிய வேகம். அந்த வாய்ப்பு ஏஎம்4-இல் முடிந்துவிட்டது, எக்ஸ்3டி பிராசசர்கள் கடைகளில் அரிதாகிவிட்டன. 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5-க்கு 2027-உம் அதற்குப் பிறகும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. முதல் கணினி வாங்கும் மாணவர் வேலைக்குப் போனபின் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதியை ஏன் இப்போதே இழக்க வேண்டும்?

மூன்றாவதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 5600-க்குள் கிராபிக்ஸ் இல்லை. கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால், திரும்பி வரும்வரை திரையே வராது. வாரண்டிக்குச் சென்ற கார்டு ஐந்து வாரம் வராமல், செமஸ்டர் புராஜெக்டை முடிக்க முடியாமல் என் பட்டறையில் வந்து அமர்ந்திருந்த மாணவியை நான் மறக்கவில்லை. 7600-க்குள் சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது. கேம் ஓடாது, ஆனால் படிப்பு ஓடும்.

நொய்யல்:

இருவரும் புதிய பாகங்களுக்குள்ளேயே சுற்றி வருகிறீர்கள். கோவையில் நான் பொருத்திய நான்கு கணினிகளில் மூன்றுக்குப் பழைய கார்டுதான் வாங்கினேன், மூன்றும் இன்றுவரை நன்றாக ஓடுகின்றன. ஜிடிஎக்ஸ் 1080 டிஐ இன்றும் 11 ஜிபி நினைவகமும் 352 பிட் பஸ்ஸும் கொண்ட வலுவான கார்டு. அதைப் பழையதாக வாங்கிவிட்டால், கூடல் பழுதகம் சொல்லும் ஏஎம்5 மேடைக்கும் பணம் இருக்கும், சட்டகம் சொல்லும் ஃபிரேமும் கிடைக்கும்.

சட்டகம்144:

நொய்யல் ஐயா, அந்தக் கார்டின்மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் இவர் பெயர் சொல்லிக் கேட்ட கேம்களில் ஒன்று ஆலன் வேக் 2. 2023-இல் அது வந்தபோது மெஷ் ஷேடர் என்ற புதிய வரைதல் வசதியை எதிர்பார்த்தது, 2017-இல் வந்த 1080 டிஐயில் அந்த வசதி இல்லை. இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள் ரே டிரேசிங் (ஒளிக்கதிரின் போக்கைக் கணக்கிட்டு வரைதல்) வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்கின்றன. போதாக்குறைக்கு, அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும்.

நொய்யல்:

ஆலன் வேக் 2-க்குப் பின்னர் ஒரு திருத்தம் வந்து பழைய கார்டுகளில் ஓரளவு ஓடத் தொடங்கியது. இருந்தாலும் டிரைவர் நின்றுபோனதை நான் கணக்கில் எடுக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். 1080 டிஐ வேண்டாம். பழைய ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி என்றால் மெஷ் ஷேடர், ரே டிரேசிங், டிஎல்எஸ்எஸ் (குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கும் என்விடியா நுட்பம்) எல்லாம் உண்டு. சில நிறுவனங்கள் வரிசை எண்ணை வைத்தே வாரண்டியைக் கணக்கிடுவதால், இரண்டாம் கையாக வாங்கினாலும் மிச்சமுள்ள வாரண்டி கிடைக்கும்.

கூடல் பழுதகம்:

உங்களுக்கு அது சரிவரும், ஐயா, ஏனென்றால் உங்கள் வீட்டில் வேறு கணினிகள் இருக்கின்றன. இவருக்கு இதுதான் முதல் கணினி. பொருத்தி முடித்த நாளில் திரை வராவிட்டால், குற்றம் கார்டிலா, போர்டிலா, எஸ்எம்பிஎஸ்ஸிலா என்று மாற்றிப் போட்டுப் பார்க்க இவரிடம் இன்னொரு கார்டு இல்லை. விற்றவர் தம் வீட்டில் ஓட்டிக் காட்டியிருப்பார், அதனால் பொறுப்பேற்க மாட்டார். ஃபேன் பேரிங் தேய்ந்ததையும், தெர்மல் பேடு காய்ந்து நினைவகச் சில்லுகள் கொதிப்பதையும் பத்து நிமிடச் சோதனையில் கண்டுபிடிக்க எனக்கே கடினம்.

பொருநை, இரண்டு கேள்விகள். உங்கள் மானிட்டர் என்ன? கணினி வைக்கும் அறை எப்படிப்பட்டது?

பொருநை:

அக்கா, மானிட்டர் தனியாக இல்லை. முன்கூடத்தில் இருந்த 32 அங்குல டிவியைப் பயன்படுத்தலாம் என்று நினைத்தேன். அதில் 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது. அறை மாடியில், நேரே மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிறது. மாலை ஏழு மணிக்குமேல் எங்கள் தெருவில் வோல்டேஜ் குறையும், ஃபேன் மெதுவாகச் சுற்றும்.

சட்டகம்144:

மானிட்டரைப் பற்றி நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். கார்டு 200 ஃபிரேம் வரைந்தாலும் மிச்சமுள்ளவை கண்ணுக்கு வந்து சேராது. கவுன்டர் ஸ்டிரைக்கும் வாலரன்ட்டும் தினமும் விளையாடுபவருக்கு 165 ஹெர்ட்ஸ் மானிட்டர்தான் கையில் உணரக்கூடிய முதல் மாற்றம். டிவிகளில் படத்தை மெருகேற்றும் செயல்முறையால் மவுஸ் அசைவுக்கும் திரை அசைவுக்கும் இடையே தாமதமும் உண்டு, கேம் மோடு இருந்தால் அது குறையும், முற்றிலும் போகாது.

ஆகவே 95,000-க்குள் 24 அங்குல 1080பி ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றையும் சேர்க்க வேண்டும். 1440பிக்கு ஆசைப்பட வேண்டாம். அது 1080பியைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு புள்ளிகளை வரையச் சொல்லும், இந்தத் தொகையில் வாங்கும் கார்டை அது மூச்சிரைக்க வைக்கும்.

பி580 பற்றிக் கூடல் பழுதகம் சொன்னதும் சரி. 5600-உடன் அதைச் சேர்த்தது என் பிழை, அதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் மேடை பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மானிட்டருக்கும் இதே தொகையில் இடம் ஒதுக்கும்போது, ஏஎம்5 இன்னும் தொலைவில் போகிறது. 2025 கடைசியில் ரேம் விலை எப்படி ஏறியது என்று தெரியும். செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கு நினைவகச் சில்லுகள் திருப்பிவிடப்பட்டதால், அந்த ஆண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் குருசியல் என்ற பெயரில் நடத்திவந்த நுகர்வோர் வணிகத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. இந்த நிலையில் டிடிஆர்5-க்குக் கொடுக்கும் ஒவ்வொரு ஆயிரமும் கார்டிலிருந்து பிடுங்கப்படுகிற ஆயிரம்.

கூடல் பழுதகம்:

டிடிஆர்4 விலை ஏறவில்லையா? அதுவும்தான் ஏறியது. உற்பத்தியாளர்கள் டிடிஆர்4-ஐப் படிப்படியாகக் குறைத்துவருவதால் அது இறங்கும் என்று எதிர்பார்க்கவும் வழியில்லை. விலை ஏறிய காலத்தில், முடிந்துபோன மேடைக்காக விலை ஏறிய பழைய ரேமைப் புதிதாக வாங்குவது இரட்டை நட்டம் என்றே நான் பார்க்கிறேன். மூன்று ஆண்டு கழித்து அவர் மேடையை மாற்றும்போது அந்த ரேம் எதற்கும் உதவாது.

நொய்யல்:

இங்கே நான் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். கார்டைப் பழையதாக வாங்கச் சொன்னதை விட்டுவிடுகிறேன், ஆனால் டிடிஆர்4 ரேமைப் பழையதாக வாங்கச் சொல்கிறேன். ரேமில் ஃபேன் இல்லை, தேயும் பாகம் இல்லை, எழுதி எழுதித் தீர்ந்துபோகும் செல்கள் இல்லை. கெட்டால் பெரும்பாலும் தொடக்கத்திலேயே கெடும், இல்லையென்றால் பல ஆண்டுகள் ஓடும். ஒரு பென் டிரைவில் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஏற்றி ஓர் இரவு ஓடவிட்டால், ஒரு பிழைகூட வராத ரேமை நம்பி வைத்துக்கொள்ளலாம். டிடிஆர்5-க்கு மாறுபவர்கள் தங்கள் 8 ஜிபி இணைகளை விற்றுக்கொண்டிருக்கிறார்கள். கூடல் பழுதகம் சொல்லும் இரட்டை நட்டம் அப்போது பெரிதும் குறைகிறது. ஏஎம்5-க்கு இந்த வழி இன்னும் திறக்கவில்லை, டிடிஆர்5-ஐ விற்பவர் இப்போது யாரும் மலிவாக விற்கமாட்டார்.

கூடல் பழுதகம்:

இது நல்ல யோசனை. பழைய பாகங்களில் நானும் தயங்காமல் வாங்குவது ரேமும் பிராசசரும்தான். எஸ்எஸ்டியையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒருபோதும் பழையதாக வாங்க மாட்டேன். ஒரே மாதிரியான, பெட்டியில் இணையாக வந்த இரண்டு ஸ்டிக்குகளாக இருக்க வேண்டும், 3200 அல்லது 3600 வேகம் போதும். கடைக்காரர் எழுதிய ஒற்றை 16 ஜிபி ஸ்டிக் ஒரே சேனலில் ஓடும், நினைவகத்துக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதை பாதியாகிவிடும்.

இந்த விலை நிலவரத்தில், இந்தத் தொகைக்குள், ஏஎம்4 சரி என்று ஒப்புக்கொள்கிறேன். ஏஎம்5 நல்ல மேடை என்ற கருத்தில் மாற்றமில்லை. ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று யாராவது கேட்டால் அதையே சொல்வேன்.

ஆனால் எஸ்எம்பிஎஸ் பற்றிப் பேசாமல் இதை முடிக்க விடமாட்டேன். எல்லோரும் வாட்டைப் பற்றியே பேசுகிறார்கள். 5600-இன் பெட்டியில் 65 வாட் என்று இருந்தாலும் முழுச் சுமையில் 76 வாட் வரை எடுக்கும். 160 வாட் கார்டு, மதர்போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாம் சேர்ந்து 300 வாட்டை ஒட்டித்தான் வரும். கார்டின் நொடிப்பொழுது ஏற்றங்களுக்கு இடம் விட்டால்கூட நல்ல 550 வாட் போதும். 750 வாட் என்ற எண்ணுக்காகத் தரம் குறைந்ததை வாங்குவதுதான் ஆபத்து.

கேபினெட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்த்தவர்கள் மறுபடி வாங்க மாட்டார்கள். மெல்லிய ஹீட்சிங்க் இருக்கும், 500 வாட் என்று ஒட்டியிருக்கும் பெட்டிக்குள் அதைத் தாங்கும் கெப்பாசிட்டர் இருக்காது, பாதுகாப்புச் சுற்றுகள் பாதி இருக்காது. அது தனியாகச் சாவதில்லை. போன மே மாதம் என்னிடம் வந்த ஒன்று மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் சேர்த்துக் கொண்டுபோனது, அதில் இருந்த குடும்பப் புகைப்படங்களை மீட்க முடியவில்லை.

80 பிளஸ் முத்திரையையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டும் சொல்கிறது. பாதுகாப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அந்தச் சோதனை 23 டிகிரி அறையில் நடக்கிறது. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள திருநெல்வேலி அறையில், அக்னி நட்சத்திரத்தில், கேபினெட்டின் உள்ளே என்ன வெப்பம் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முழு வாட்டையும் 40 டிகிரியிலா, 50 டிகிரியிலா எதில் தருவதாக நிறுவனம் சொல்கிறது என்று விவரத்தாளில் பார்க்க வேண்டும். பிரான்ஸ் முத்திரையும் 50 டிகிரி உறுதியும் உள்ளது, கோல்டு முத்திரையும் 40 டிகிரி உறுதியும் உள்ளது என்று இரண்டு இருந்தால், உங்கள் அறைக்கு நான் முன்னதையே எடுப்பேன்.

அதைவிட முக்கியமானது பக்கவாட்டு லேபிளில் உள்ள உள்ளீட்டு வோல்ட். சிலவற்றில் 200 முதல் 240 வோல்ட் என்றும், சிலவற்றில் 100 முதல் 240 வோல்ட் என்றும் இருக்கும். உங்கள் தெருவில் மாலையில் 170, 180-க்கு இறங்கினால் முதல் வகை கேமின் நடுவே அணைந்துபோகலாம், இரண்டாவது வகை பொருட்படுத்தாமல் ஓடும். இந்த ஒரு வரியைப் படிக்காததால் "ரேம் கெட்டுவிட்டது, போர்டு கெட்டுவிட்டது" என்று என்னிடம் வந்த கணினிகள் பல.

எர்த்தும் பார்க்க வேண்டும். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுத்தால், உங்கள் பிளக் பாயின்ட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்று பொருள். உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் எர்த் இல்லாதபோது கேபினெட்டைப் பாதி வோல்டேஜில் மிதக்க விடுகின்றன. கணினி வாங்கும் முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்துவிடுங்கள்.

சட்டகம்144:

எஸ்எம்பிஎஸ் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். எட்டு ஆண்டுகளாகக் கணினி பொருத்துகிறேன், உள்ளீட்டு வோல்ட் வரியை நான் பார்த்ததே இல்லை. சென்னையில் என் பகுதியில் வோல்டேஜ் நிலையாக இருப்பதால் தேவைப்படவில்லை.

கார்டுக்கு வருகிறேன். பழைய ரேமில் மிச்சமாகும் பணத்தைச் சேர்த்தால் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி எட்டும் தொலைவில் இருக்கிறது. 2025 ஜூனில் வந்த கார்டு, 160 வாட். ஆர்டிஎக்ஸ் 5060 பிசிஐஇ இணைப்பில் எட்டு பாதைகளையே பயன்படுத்துகிறது, 8 ஜிபி மட்டுமே கொண்டது. 9060 எக்ஸ்டி பதினாறு பாதைகளையும் பயன்படுத்துகிறது. நினைவகம் நிரம்பி வழியும்போது கார்டு அந்தப் பாதை வழியாகத்தான் கணினியின் ரேமைத் தேடிப் போகும் என்பதால், 8 ஜிபியும் குறுகிய பாதையும் சேர்ந்தால் கேம் விட்டுவிட்டு ஓடும். பெரிய கதை கேம்களில் டெக்ஸ்சர் தரத்தைக் குறைக்காமல் விளையாட 16 ஜிபி உண்மையிலேயே உதவும்.

ஒரு எச்சரிக்கை. இதே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது. 3050-இல் நடந்த குழப்பம் இங்கும் நடக்கக்கூடும். பில்லில் 16 ஜிபி என்றும் கார்டின் வரிசை எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நொய்யல்:

5060-க்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். டிஎல்எஸ்எஸ் 4 எண்ணற்ற கேம்களில் இருக்கிறது, படத்தின் தெளிவும் நன்று. ஏஎம்டியின் அதேபோன்ற நுட்பமான எஃப்எஸ்ஆர் 4 நன்றாக வந்திருந்தாலும் அதை ஏற்ற கேம்களின் எண்ணிக்கை குறைவு. கல்லூரியில் இயந்திரக் கற்றல் பாடம் வந்தால் என்விடியா கார்டுகளில் ஓடும் கூடா மென்பொருளுக்கு இணையில்லை. பொருநை, உங்கள் பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பொருநை:

பாடத்திட்டத்தைப் பார்த்தேன், ஐயா. இயந்திரக் கற்றல் நான்காம் ஆண்டில் ஒரு விருப்பப் பாடமாக மட்டும் இருக்கிறது. அதற்குக் கல்லூரி ஆய்வகமே போதும் என்று ஆசிரியர் சொன்னார். ஆகவே 16 ஜிபி கார்டையே எடுக்கிறேன்.

அந்தக் கார்டோடு இப்போதைய பட்டியல்: ரைசன் 5 5600 பெட்டியோடு, அதனுடன் வரும் கூலர், பி550 மதர்போர்டு, பழைய டிடிஆர்4 3200 8 ஜிபி இணை ஒன்று, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் 550 வாட் பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ், முன்புறம் வலை உள்ள சாதாரணக் கேபினெட், 165 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர். நான்கு கடைகளில் விசாரித்ததில் மொத்தம் 95,000-ஐ 3,000 ரூபாய் தாண்டுகிறது. எங்கே குறைப்பது? எஸ்எஸ்டியை 512 ஜிபி ஆக்கலாமா? கார்டு வாரண்டிக்குப் போனால் என்ன செய்வது என்ற அக்காவின் கேள்விக்கும் என்னிடம் விடையில்லை.

சட்டகம்144:

எஸ்எஸ்டியைக் குறைக்க வேண்டாம், இன்றைய பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டும். அதன் வேகத்தில் குறைக்கலாம். நொடிக்கு 7,000 எம்பி படிக்கும் எஸ்எஸ்டிக்கும் 3,500 எம்பி படிப்பதற்கும் கேம் திறக்கும் நேரத்தில் உள்ள வேறுபாட்டைக் கைக்கடிகாரம் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மீதியைக் கேபினெட்டில் குறையுங்கள். கண்ணாடியும் வண்ண விளக்கும் வேண்டாம், காற்று உள்ளே வரும் முன்புற வலையும் இரண்டு ஃபேன்களும் போதும்.

நொய்யல்:

வாரண்டிக் கேள்விக்கு விடை சொல்கிறேன். என்னிடம் ஜிடி 710 கார்டு ஒன்று சும்மா கிடக்கிறது. கேம் ஓடாது, ஆனால் திரை வரும், நிரல் எழுதலாம். அடுத்த மாதம் திருச்செந்தூர் வரும்போது திருநெல்வேலியில் கொடுத்துவிட்டுப் போகிறேன், பணம் வேண்டாம். ஏதாவது பழுதென்றால் குற்றம் கார்டிலா போர்டிலா என்று மாற்றிப் போட்டுப் பார்க்கவும் உதவும்.

கூடல் பழுதகம்:

நொய்யல் ஐயாவின் உதவியால் என் பெரிய கவலை தீர்ந்தது. ஏஎம்4-ஐ நான் எதிர்த்ததற்கு அந்த மாணவியின் ஐந்து வாரங்களே முதன்மைக் காரணம்.

பொருத்தும் நாளுக்குச் சில குறிப்புகள். மதர்போர்டு வாங்கும்போதே அதன் பயாஸ் 5600-ஐ ஏற்கும் பதிப்புதானா என்று கேளுங்கள். 5600 வந்தது 2022 ஏப்ரலில், அதற்கு முன் தயாரான போர்டுகள் புதுப்பிக்காமல் திரை காட்டாமல் போகலாம். பிராசசரின் அடியில் 1331 ஊசிகள் உள்ளன. மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு ஒப்பிட்டு, தன் எடையிலேயே இறங்கவிடுங்கள், அழுத்தாதீர்கள். ரேம் ஸ்டிக்குகளைப் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் இடங்களில் போடுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை இயக்காவிட்டால் 3200 ரேம் தன் அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 11-இல் வாலரன்ட் ஓட டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகள் தேவை, அவற்றையும் அப்போதே இயக்கிவிடுங்கள். முதல் இரவு மெம்டெஸ்ட்86 ஓடட்டும், அதற்குப் பிறகு விண்டோஸைப் போடலாம்.

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். எல்லாம் முடிந்து திரை வந்ததும் டிஸ்பிளே அமைப்புக்குள் போய் 165 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். பல கணினிகளில் விண்டோஸ் தானாக 60-இலேயே நிறுத்தி வைத்திருக்கிறது, ஓராண்டு அப்படியே விளையாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.